அறிந்தோர் மௌனம் அறமாகுமா?

இல்லறத்தாருக்கு விதிக்கப்பட்ட ஆறு நித்தியக் கடமைகளுள் இறுதியாக எண்ணப்படுவது தானம். தேவபூஜை, குருபக்தி, சாத்திரம் ஓதல், புலனடக்கம், தவம் ஆகிய ஐந்தும் ஒருவன் தன் உயிரைத் தூய்மை செய்துகொள்ளும் வழிகளாகும். தானமோ தன்னுயிரைத் தூய்மை செய்வதுடன் பிறர் உயிருக்கும் நலம் பயப்பது. அதனை உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என நான்காக வகுத்தனர் நம் ஆன்றோர். இவற்றுள் உணவுதானம் நம் ஊர்களில் இன்றும் குறைவற நடைபெறுகிறது. மருத்துவ முகாம்கள் அமைத்து மருந்துதானமும் செய்யப்படுகிறது. உயிர்களுக்கு அஞ்சாமை அளிக்கும் அபயதானத்தைக் கொல்லாமை நோன்பின் வழியே நாள்தோறும் கைக்கொள்கிறோம். சாத்திரதானம் என்றும் ஞானதானம் என்றும் போற்றப்படும் மூன்றாவது தானத்தின் நிலை என்ன? ஆகம நூல்களை அச்சிட்டு, திருவிழா நாள்களில் இலவசமாக வழங்குவதோடு அத்தானம் நிறைவு பெற்றுவிடுகிறதா?

இவ்வினாவைக் கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் பயிலும் ஒரு மாணவனையோ மாணவியையோ முன்னிறுத்தி ஆராய வேண்டுமென விரும்புகிறோம். அப்பிள்ளைக்கு அடுத்து எதைப் படிப்பது, எங்கே படிப்பது, எந்தத் தொழிலுக்கு எந்தப் படிப்பு வாயில் என்பது தெரியவில்லை. அவ்வழியை நன்கறிந்த ஒருவர் அவ்வூரைச் சேர்ந்தவராகவே இருக்கிறார். ஆயினும் அவர் சொல்லவில்லை. அவர் மௌனம் வெறும் அக்கறையின்மைதானா, அல்லது வினை ஊற்றுக்கு வாயில் திறந்துவிடும் குற்றமா?

தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவை நம்பி வாழ்ந்து வந்தவர்கள் என்பதை நாம் அறிவோம். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களில் ஜினாலயம் உள்ள ஊர் எதற்குச் சென்றாலும், ஏரியும் நெல்வயலும் மணிலாக் கொல்லையும் சூழ்ந்திருப்பதைக் காணலாம். அவ்வூர்களிலிருந்து கல்வியால் உயர்ந்து ஆசிரியராகவும், வங்கி அலுவலராகவும், பொறியாளராகவும், மருத்துவராகவும் நகரங்களில் வாழ்வோர் இன்று பலர். பூஜைக்கும் திருவிழாவுக்கும் அவர்கள் ஊர் திரும்புகின்றனர். கோயில் திருப்பணிக்கு மனமுவந்து பொருள் தருகின்றனர். ஊரிலேயே இருப்போரின் பிள்ளைகளும், அவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து கற்கும் பிற சமுதாயத்துப் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் பயில்கின்றனர். நகரத்துப் பிள்ளையின் அறிவுக்கு அவர்கள் அறிவு குறைந்ததன்று. ஆனால் நகரத்துப் பிள்ளையின் வீட்டில் வழி தெரிந்த தந்தையோ, மாமனோ, அண்டை வீட்டாரோ ஒருவர் இருக்கிறார். கிராமத்துப் பிள்ளைக்குப் பல வேளைகளில் அத்தகைய ஒருவர் இல்லை.

இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்குவோம். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு நடத்தப்படுகிறது. அதில் தெரிவு பெறும் மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கிராமப்புற மாணவர்களுக்கென்றே ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. மாவட்டந்தோறும் மாணவர் 50 பேரும் மாணவியர் 50 பேரும் அதில் தெரிவு செய்யப்படுகின்றனர். இத்தேர்வுகளுக்கு உரிய நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று கேட்கப்படும் என்பதை முன்னரே அறிந்து ஆயத்தமாகாத குடும்பத்துப் பிள்ளை, எவ்வளவு கூரிய அறிவுடையதாயினும், தேர்வு அறைக்குள் நுழையாமலேயே வாய்ப்பை இழக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் பாடப்பிரிவோ இன்னும் பெரிய முடிவு. உயிரியல் இல்லாத பிரிவில் சேர்ந்த மாணவிக்கு மருத்துவப் படிப்பு எட்டாத தொலைவுக்குச் சென்றுவிடுகிறது. கணிதம் இல்லாத பிரிவில் சேர்ந்த மாணவனுக்குப் பொறியியல் படிப்பின் பல வாயில்கள் அடைபடுகின்றன. பதினைந்து வயதுப் பிள்ளை, தோழன் சேர்ந்தான் என்பதற்காக ஒரு பிரிவில் சேர்ந்துவிடுகிறது; அம்முடிவு வாழ்நாள் முழுவதும் அதைத் தொடர்கிறது.

மற்றொன்றையும் கருதுவோம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு இடங்களை உள்ஒதுக்கீடாக வழங்கும் சட்டம் 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டது. 2021ஆம் ஆண்டில் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. இதனை அறியாத தந்தை, மகள் நன்றாகப் படிக்கிறாள் என்ற மகிழ்ச்சியில் கடன் வாங்கி அவளைப் பத்தாம் வகுப்புக்குப் பின் தனியார் பள்ளியில் சேர்க்கிறார். மகளின் நன்மைக்கென்று அவர் செய்த அச்செயலே அவளுக்கிருந்த உரிமையைப் போக்கிவிடுகிறது. இதை எடுத்துச் சொல்ல ஒரு நாழிகை போதும். சொல்வார் இல்லாமையால் ஒரு குடும்பம் கடனையும் சுமந்து வாய்ப்பையும் இழக்கிறது.

பத்தாம் வகுப்புத் தேர்வில் தவறியவர் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதி மேல்வகுப்பில் சேரலாம் என்பதும், பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுகள் பயின்று பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதும், ஐ.டி.ஐ. படிப்பு முடித்தவருக்குத் தொழிற்சாலைகளில் பழகுநர் பயிற்சி உண்டு என்பதும் நமக்கு எளிய செய்திகளாகத் தோன்றக்கூடும். தோல்வியால் மனமுடைந்து செங்கற்சூளைக்கோ நூற்பாலைக்கோ வேலைக்குச் செல்ல ஆயத்தமாகும் பிள்ளைக்கு இவை உயிர்காக்கும் மருந்தாகும்.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. பொருளுதவி அறவே இல்லாத காலமன்று இது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022ஆம் ஆண்டிலும், மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு ஜனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மைச் சமுதாயமாக அறிவிக்கப்பட்டனர். அதன்வழி நம் பிள்ளைகளுக்குச் சில உதவித்தொகைகள் திறந்தன. இத்திட்டங்கள் என்றும் ஒரே நிலையில் நிற்பனவும் அல்ல. சிறுபான்மை ஆய்வு மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டதைப் போல, சில மறையும். சில புதிதாகத் தோன்றும். ஆகவே ஒருமுறை சொல்லிவிட்டு ஓய்ந்துவிட முடியாது. உணவு நாள்தோறும் சமைக்கப்பட வேண்டியிருப்பது போல, இவ்வறிவும் ஆண்டுதோறும் புதிதாகத் திரட்டப்பட்டு வழங்கப்பட வேண்டியதாகிறது.

இனிச் சாத்திரம் கூறுவதை நோக்குவோம். எட்டு வினைகளுள் முதலாவது ஞானாவரணீயம். உயிரின் இயல்பான அறிவை மேகம் கதிரவனை மறைப்பது போல மறைப்பது. இவ்வினை எவ்வெச் செயல்களால் உயிரினுள் ஊறுகிறது என்பதை உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வகுத்துரைக்கிறார். அறிவின்பால் வெறுப்புக் கொள்ளுதல், அறிந்ததை மறைத்தல், பொறாமையால் வழங்காதிருத்தல், பிறர் கற்பதற்கு இடையூறு செய்தல், அறிவை மதியாதிருத்தல், அதனைப் பழித்தல் ஆகியன அவை. ஒருவனுடைய அறிவை மறைக்கும் வினைக்குக் காரணம் அவன் படிக்காமல் இருந்தது என்று ஆசாரியர் கூறவில்லை என்பதை அன்பர்கள் கருத வேண்டும். பிறருக்கு அறிவு சென்று சேர்வதை அவன் தடுத்ததே அவனுடைய அறிவை மூடும் திரையாக வந்து வீழ்கிறது.

இதற்கு உரை வகுத்த பூஜ்யபாதர், தான் நன்கு பயின்றதும் பிறருக்கு வழங்கத் தக்கதுமான அறிவை ஏதோ ஒரு காரணத்தால் வழங்காதிருப்பதையே மாற்சரியம் என விளக்குகிறார். அக்காரணம் இன்னது என்று அவர் வரையறுக்கவில்லை. ‘எனக்கு நேரமில்லை’ என்பதும் ஒரு காரணம். ‘என் மகனுக்குப் போட்டியாக வந்துவிடுவான்’ என்பதும் ஒரு காரணம். ‘நான் யார் துணையுமின்றி முன்னேறினேன், அவனும் அவ்வாறே முன்னேறட்டும்’ என்பதும் ஒரு காரணமே.

எனினும் நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். அறிந்தும் சொல்லாத எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அறமன்று. வேண்டுமென்றே மறைப்பவன் வேறு. நினைவின்றி இருந்துவிடுபவன் வேறு. பாவத்தின் அளவு பாவனையின் அளவைப் பொறுத்தது என்பது நம் சமயத்தின் அடிப்படை. ஆயினும் நினைவின்றி இருந்தவனும் முற்றிலும் விடுபட்டவன் ஆகான். பொய்க்காட்சி, விரதமின்மை, பிரமாதம், கஷாயம், யோகம் என வினைக்கட்டுக்குக் காரணங்கள் ஐந்து கூறப்படுகின்றன. அவற்றுள் பிரமாதம் என்பது நல்வினையில் விழிப்பின்மையே. வழியில் நடக்கும்போது கீழே நோக்காது நடந்து எறும்பை மிதித்தவன், கொல்ல நினைக்கவில்லை என்று கூறித் தப்ப முடியாது என நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கண்முன் வழி தெரியாது நிற்கும் பிள்ளையை நோக்காது கடந்து செல்வதற்கும் அதே அளவுகோல் பொருந்தும் என்பதே நம் கருத்து.

இதற்கு எழக்கூடிய தடைகளையும் ஆராய்வது முறை. முதலாவதாக, சாத்திரம் கூறும் ஞானம் வீடுபேற்றுக்குரிய ஞானமாகும். பள்ளிப் படிப்பும் பணிவாய்ப்பும் உலகியலைச் சேர்ந்தவை. இவற்றை ஞானதானம் எனல் பொருந்துமா எனச் சிலர் வினவலாம். ஆத்ம ஞானமும் உலகியல் அறிவும் ஒன்று என நாமும் கூறவில்லை. ஆயின் ஆதிபகவன் செய்தது என்ன? கற்பக மரங்கள் வறண்டு மக்கள் வாழும் வகையறியாது திகைத்தபோது, வாள், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் அறுதொழில்களை அவர் கற்பித்தார். தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார். துறவறம் உரைப்பதற்கு முன்பே வாழும் வழியை உரைத்தவர் அவர். பசித்தவனுக்கும் வாழ்வு நிலைபெறாதவனுக்கும் தத்துவம் செவியில் ஏறாது என்பதை அப்பெருமான் அறிந்திருந்தார். உலகியல் கல்வி அறநெறிக்குப் பகையாகும் என்பதும் பொருந்தாது. சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய அ. சக்கரவர்த்தி நயினார், ஆங்கிலக் கல்வியின் வழியே பெற்ற ஆற்றலைக் கொண்டுதான் குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தை 1920ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் உலகுக்கு வழங்கினார்.

இரண்டாவது தடை வேறு வகையானது. படித்த பிள்ளைகள் ஊரை விட்டுச் செல்கின்றனர். ஜினாலயங்களில் நித்திய பூஜைக்கும் ஆள் இல்லாமற் போகிறது. வழிகாட்டுவதால் ஊர் வெறுமையாகாதா என்பது அது. இது புறக்கணிக்கத் தக்க கவலையன்று. பல ஊர்களில் பூட்டிய வீடுகள் பெருகி வருவதை நாமும் காண்கிறோம். ஆனால் ஓர் உயிரை அறியாமையில் வைத்து ஊரைக் காப்பது எந்த அறத்தில் சேரும்? வழி தெரிந்தபின் உழவையே விரும்பித் தேர்ந்து ஊரில் தங்கும் இளைஞன் அவ்வூருக்குத் தூணாவான். வேறு வழி தெரியாமையால் தங்கியவனோ ஊரையும் தன்னையும் நொந்துகொண்டே வாழ்வான். மேலும், வேளாண்மைப் படிப்பும், கால்நடை மருத்துவமும், செவிலியர் பயிற்சியும், ஆசிரியப் பணியும் கிராமத்துக்கே பயன்படுவன அல்லவா? இத்துறைகளைப் பற்றியும் சேர்த்துச் சொல்வதே முழுமையான வழிகாட்டலாகும். நகரத்துக் கணிப்பொறி வேலை ஒன்றையே வாழ்வின் எல்லையாகக் காட்டுவது அநேகாந்த நோக்குக்கும் ஒவ்வாது.

மூன்றாவதாக, இவ்வுதவி நம் சமுதாயப் பிள்ளைகளோடு நிற்க வேண்டுமா, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதா என்னும் வினா உண்டு. உள்ளதே சிறிது, அதை நம்மவர்க்கு முதலில் அளிப்போம் என்போரின் எண்ணம் எண்ணிக்கையில் குறைந்த ஒரு சமுதாயத்தில் இயல்பானதே. பொருளுதவியைப் பொறுத்தவரை அதில் ஓரளவு நியாயமும் உண்டு. பணம் பகிரப் பகிரக் குறையும். அறிவோ பகிர்வதால் குறைவதில்லை. ஐந்து பிள்ளைகளுக்குச் சொல்வதை ஐம்பது பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு ஒருவர் கூடுதலாகச் செலவிடுவது குரலை மட்டுமே. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வது அவற்றின் இயல்பு என்று உரைத்த சமயம், பக்கத்து இருக்கைப் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லாது.

இவ்விடத்தில் தரசேன ஆசாரியரின் வரலாற்றை நினைவுகூர்தல் தகும். கிரிநகரத்துக் குகையில் வாழ்ந்த அவர், தாம் அறிந்த ஆகமப் பொருள் தம்மோடு மறைந்துவிடுமோ எனக் கவலையுற்றார். தென்னாட்டுத் துறவியர் சங்கத்துக்கு ஓலை விடுத்தார். அச்சங்கம் அனுப்பிய இருவர் முன்பின் அறியாதவர்கள். அவர் ஆராய்ந்தது அவர்களுடைய தகுதியை மட்டுமே. தேறிய பின் தாம் அறிந்த அனைத்தையும் கற்பித்தார். அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும். பின்னர் பூதபலி திராவிட நாட்டுக்கு வந்தார் என்று தவளா உரை கூறுகிறது. அவர்கள் யாத்த ஷட்கண்டாகமம் நிறைவெய்திய நாளையே சுருத பஞ்சமி எனக் கொண்டாடுகிறோம். முதுமையில் ஓர் ஆசாரியர் மௌனம் காத்திருப்பாராயின் அந்நூல் நமக்கு இல்லை. கற்க விரும்புவோர் தம்மை நாடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

நம் வட்டாரத்திலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் குகைப்பள்ளியில், ஆதித்த சோழன் காலத்து ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசாரியரையும் அவரைச் சார்ந்த மாணாக்கர் 500 பேரையும் குறிப்பிடுகிறது. அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூரார் ஏற்றனர். பள்ளி என்னும் சொல்லே சமண முனிவர் உறைவிடத்தைக் குறித்துப் பின் கல்விக்கூடத்துக்கு ஆகிவந்தது என்பர் அறிஞர். அத்தகைய மண்ணில், பெண்பிள்ளையின் படிப்பு பத்தாம் வகுப்போடு போதும் என்ற பேச்சு எழுமாயின், அது நம் மரபுக்கே முரணானதாகும்.

எவ்வாறு வழங்குவது என்பதற்கும் சாத்திரமே வழி காட்டுகிறது. முறை, பொருள், கொடுப்போர், பெறுவோர் என்னும் நான்கின் சிறப்பால் தானம் சிறப்புறும் என்பர். முறையாவது, பெறுவோர் கூசாதபடி வழங்குதல். உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றிப் பொன்னாடைக்கும் புகைப்படத்துக்கும் இடையே நிறுத்துவதால் கொடுப்போர் மானகஷாயமே வளரும். பொருளாவது, காலத்துக்கேற்ற செய்தி. கடந்த ஆண்டின் விதியை இவ்வாண்டுப் பிள்ளைக்குச் சொன்னால் அது கெட்டுப்போன உணவை இடுவதற்கு ஒப்பாகும். கொடுப்போர் தம் விருப்பத்தைப் பிள்ளையின் மீது சுமத்தாதவராக இருத்தல் வேண்டும். வழிகளைக் காட்டுவது அவர் கடமை, தேர்ந்தெடுப்பது அப்பிள்ளையின் உரிமை. பிற உயிர்க்கு ஊறு விளைக்கும் தொழில்களை விலக்கும் நம் நெறியை எடுத்துரைக்கலாம், ஆணையிடலாகாது. பெறுவோரைப் பொறுத்தவரை, முதல் மதிப்பெண் பெறுவோரையே நாடிச் செல்லும் வழக்கம் மாற வேண்டும். அவர்களுக்கு வழிகாட்ட ஆசிரியர் உண்டு. நடுவிலும் இறுதியிலும் நிற்கும் பிள்ளைகளுக்கே அறிந்தவர் துணை மிகுதியும் தேவைப்படுகிறது.

செயலுக்கு வருவோம். தேர்வு முடிவுகளும் மேற்படிப்புச் சேர்க்கையும் பள்ளித் திறப்பும் மே, ஜூன் மாதங்களை ஒட்டி நிகழ்கின்றன. சுருத பஞ்சமியும் அக்காலத்தை ஒட்டியே வருகிறது. அந்நாளில் ஆகம நூல்களைப் பல்லக்கில் ஏற்றிப் பூஜித்தபின், ஊர்ப் பள்ளியிலோ ஜினாலய மண்டபத்திலோ பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டி ஒரு மணி நேரம் பேசுவதை ஒவ்வோர் ஊரும் வழக்கமாக்கிக் கொள்ளலாம். சேர்க்கை முன்னதாகத் தொடங்கும் ஆண்டுகளில் கூட்டத்தையும் முன்னதாகவே வைக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உதவித்தொகைத் தேர்வு, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாடப்பிரிவு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கலந்தாய்வும் சான்றிதழ்களும் என மூன்று பகுதிகளாகச் சொன்னால் போதும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க எழுதத் தெரியாத பெற்றோருடன் ஒருவர் சென்று வரலாம். நகரத்தில் வாழ்வோர் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பிள்ளைகள் இருவருக்குத் தொலைபேசி எண்ணைத் தந்து, கேட்கும்போது பதிலுரைக்கலாம். இதற்குப் பெரும் நிதியோ அறக்கட்டளையோ வேண்டியதில்லை.

கோயில் திருப்பணியைக் குறைத்துக் கல்விக்குத் தருக என்று நாம் கூறவில்லை. இரண்டும் அறமே. திருப்பணிக்கு வந்து கூடும் அறிஞர் பெருமக்கள் தம் பொருளோடு தாம் அறிந்ததையும் ஊரில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அறிந்ததை வழங்குவோனுக்கும் அதனால் பயன் உண்டு. பிறர் அறிவுக்குத் தடையாகாதவன் தன் அறிவை மூடும் திரையையும் சிறிது விலக்குகிறான். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் நடுமணி அவனிடம் ஒளி பெறுகிறது. வருகின்ற சுருத பஞ்சமிக்குள் நம் ஊர்ப் பள்ளியில் எட்டு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் யார் யார் என்பதையேனும் ஒவ்வோர் ஊராரும் அறிந்து வைப்போமாக. அவர்களை அறிந்துகொண்டபின் அவர்களிடம் சொல்லாதிருத்தல் நமக்கு எளிதாக இராது.

வாழ்க அறம்! வளர்க நல்ஞானம்!